‘கரண்டு வந்துருச்சு’ விளையாட்டைச் செய்த என் மகளுக்கு

பாப்பா,

நேற்று காலையில் நீ போனை வைத்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். உன் அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார், மோரை ஊற்றிக்கொண்டார். பின்னே என்ன? நீ தனி ஆளாக உட்கார்ந்து செய்த ‘கரண்டு வந்துருச்சு’ விளையாட்டுக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி பணம் போட வருகிறது. கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால் போதாது, டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டியிலும், கையில் வைத்து விளையாடுகிற பெட்டியிலும் இது வர வேண்டும் என்று அவர்களே கேட்கிறார்கள். அதற்காக டெவ்கிட் என்று ஒரு பெட்டியை உனக்கு இரவலாக அனுப்புகிறார்களாம். விளையாட்டு செய்கிறவர்களுக்கென்றே தனியாகத் தயாரிப்பது, கடையில் கிடைக்காது. வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் எழுத வேண்டும். இதுவரைக்கும் கேட்டு நான் தரையில் நிற்கவில்லை. அதற்கப்புறம் நீ சொன்னாயே ஒன்று, அதுதான் என்னைத் தரையில் இறக்கியது.

“காசு சரிம்மா, அந்தப் பெட்டிதான் வேணாம்னு பாக்கறேன். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாந்தான் பொறுப்புன்னு எழுதியிருக்குது. என் கையில மெஷினு தங்காதுன்னு நீயே சொல்லுவியே. கம்ப்யூட்டருக்கு மட்டும் போதும்னு எழுதிடப் போறேன்” என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நான் “சரி, சாப்டியா?” என்று கேட்டு வைத்தேன். என்னைப் போல ஒரு கோழை இருக்க முடியாது.

அதனால் இன்றைக்கு லீவு போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். உனக்கு மட்டும் அனுப்பாமல் நம் தெருவும் சொந்தக்காரர்களும் சேர்ந்திருக்கிற வாட்சப் குரூப்பில் போடப்போகிறேன். செராமிக் தொழிற்பேட்டையில் என்னோடு வேலை செய்கிறவர்கள், சேத்தியாத்தோப்பு மாமா வீட்டார், திட்டக்குடி சித்தி, கம்ப்யூட்டர் கடை சுலைமான் பாய் என்று எல்லாரும் அதில் இருக்கிறார்கள். ‘என்னம்மா, ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு எழுதுகிறாய்’ என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஏன் என்று போகப் போகத் தெரியும். பாதியில் போன் பண்ணாதே, முழுசாகப் படி.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். குரூப்பில் இருப்பவர்களில் விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: புயல் அடித்து ஊரே இருட்டாகிவிட்டது. லைன் வேலை பார்க்கிற ஒரு பெண் இருக்கிறாள், இடுப்பில் கயிறு, கையில் கட்டிங் பிளேயர். அறுந்த கம்பிகளை ஒவ்வொரு தெருவாக இணைத்துக்கொண்டே போக வேண்டும். கம்பத்துக்குக் கம்பம் தாவ வேண்டும், கால் வைக்க இருப்பது கம்பத்துப் பீங்கான் மட்டும்தான். வெள்ளைப் பீங்கான் தாங்கும், கீறல் விட்ட பீங்கான் மூன்று எண்ணுவதற்குள் விட்டுப்போகும். நீ போன மாதம் மாதிரிக்கு விட்ட முதல் மூன்று தெருவை நான் எத்தனை தடவை ஆடினேன் என்று எனக்கே தெரியாது. உன் அப்பா திட்டக்குடிக்கு பஸ் ஓட்டிவிட்டு வந்து, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிடுகிறார். இருபது வருஷம் ஒரு ஆக்சிடெண்ட் இல்லாமல் ஓட்டிய மனுஷன், மூன்றாவது கம்பத்தில் தவறாமல் விழுகிறார். “பீங்கானு மேல தப்பு, உங்க ஆளுங்க ஒழுங்கா சுடல” என்று என்னைச் சாடுகிறார். நான் பீங்கான் கம்பெனியில் வேலை செய்வதால் விளையாட்டில் உடையும் பீங்கானுக்கும் நான்தான் பொறுப்பாம்.

ஒவ்வொரு தெருவிலும் விளக்கு எரிந்தவுடன் வருகிறதே ஒரு கூச்சல், “ஏஏய், கரண்டு வந்துருச்சு” என்று, அதைக் கேட்டால் இன்னும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. அது நாங்கள் போட்ட கூச்சல்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் ஷெட்டுக்குப் பின்னால் பதினோரு பெண்களை நிற்க வைத்து, நீ போனில் “இன்னும் சத்தமா, இன்னும் சத்தமா” என்றாய். என்னோடு வேலை செய்கிற அஞ்சலைதான் கடைசியில் உன்னிடம் சண்டைக்கு வந்தாள். “இன்னாடி இது, நெசமா கரண்டு போனாத்தானே நெசமா கத்த முடியும்?” என்று கேட்டாள். அவள் சொல்லி வாயை மூடவில்லை, ஷெட்டில் கரண்டு போனது. திரும்ப வந்தபோது யாரும் சொல்லாமலே கத்தினார்கள், நான் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டேன். இப்போது வெளிநாட்டில் எவனோ ஒருவன் தன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அஞ்சலையின் தொண்டையைக் கேட்கப்போகிறான். அவள் நேற்று முழுக்க இதையே சொல்லிச் சொல்லி வேலையும் செய்யவில்லை, மற்றவர்களையும் செய்ய விடவில்லை.

இனி என் கருத்துகளைச் சொல்கிறேன். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்வேன். விளையாட்டுப் பெட்டி செய்கிற கம்பெனிக்காரர்கள் எல்லாரும் சித்திரை வைகாசியில் விருத்தாசலம் வந்து ஒரு வாரம் தங்க வேண்டும் என்பது என் கட்சி. ஏசி அறையில் வைத்துச் சோதித்துவிட்டுச் சத்தமே வராது என்று விளம்பரம் போடுகிறார்கள். நம் வீட்டு மச்சு அறையில் மதியம் இரண்டு மணிக்கு அதைப் போடட்டும், விசிறி அலறுகிற அலறலில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைக்கும். படம் எவ்வளவு துல்லியம், வினாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று பீற்றிக்கொள்கிறார்களே, சூடு எவ்வளவு தாங்கும் என்று எவனாவது பெட்டி மேல் பெரிய எழுத்தில் போடுகிறானா? முன்பெல்லாம் ஒரு பெட்டி பழசாக ஆக விலை இறங்கும். காத்திருந்து வாங்கலாம். இப்போது பழசாகப் பழசாக விலை ஏறுகிறது, இது எந்த ஊர் நியாயம்?

போன தீபாவளி போனஸில் நான் வாங்கினேனே செகண்ட் ஹேண்ட் கைப்பெட்டி, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். திரை அருமை. ஆனால் கனம் பார். நாள் முழுக்க ஈரப் பீங்கானைத் தூக்கி வைத்துவிட்டு வருகிற கைக்கு, அதை அரை மணி நேரம் பிடிப்பதே வேலையாக இருக்கிறது. கட்டை விரலால் தள்ளுகிற குச்சி வாங்கிய ஆறாம் மாதமே தானாக இடப்பக்கம் போக ஆரம்பித்துவிட்டது. பேட்டரியைக் கழற்றவும் முடியாது. ஒரு டார்ச் லைட்டில் முடிகிற காரியம் இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெட்டியில் ஏன் முடியவில்லை என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள். இத்தனை குறை இருந்தும் உன் விளையாட்டு இந்தக் கைப்பெட்டியில்தான் வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். ஏனென்றால் கம்ப்யூட்டர் வாங்கி, மேசை போட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆடுகிறவர்கள் வேறு. அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு மூன்று விசிலுக்குள் ஒரு தெருவுக்குக் கரண்டு கொடுக்க நினைக்கிற என்னைப் போன்றவர்கள் வேறு. நாங்கள்தான் நிறையப் பேர். உன் லைன் பொண்ணு எங்கள் கைக்கு வர வேண்டியவள்.

வெளியிடுகிற விஷயத்தில் அவசரப்படாதே. பெரிய பெரிய கம்பெனிகளே அரைவேக்காடாக வெளியே தள்ளிவிட்டு, அப்புறம் வாரா வாரம் திருத்தம் அனுப்புகிறார்கள். டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டால், இரு, இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும் என்கிறது. நம் நெட்டில் அது இறங்குவதற்குள் எனக்கு விளையாடுகிற ஆசையே போய்விடுகிறது. எங்கள் வேலையில் சூளையை விட்டு வெளியே வந்ததற்குப் பிறகு திருத்தம் என்று ஒன்று கிடையாது, அதனாலோ என்னவோ எனக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. தள்ளிப் போட வேண்டி வந்தால் வெட்கப்படாமல் தள்ளிப் போடு, திட்டுகிறவர்கள் இரண்டு நாள் திட்டுவார்கள். தீபாவளி சமயத்தில் விடாதே, பெரிய விளையாட்டுகள் வந்து உன்னை மிதித்துவிடும். அது கழிந்து, கார்த்திகை மழை பிடித்துக் கரண்டு போய்ப் போய் வருகிற வாரமாகப் பார்த்து விடு. கைப்பெட்டியில் சார்ஜ் இருக்கிறவர்கள் இருட்டில் உட்கார்ந்து ஆடுவார்கள், அதைவிடப் பொருத்தம் உண்டா?

பணம் போடுகிறவர்களைப் பற்றியும் நான் கொஞ்சம் படித்துவிட்டேன். நீ முதலில் யோசித்தது போல ஊரெல்லாம் கையேந்தி, விளையாட்டு வருவதற்கு முன்னமே ஆயிரம் பேரிடம் வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆயிரம் பேரும் தினம் ஒருத்தர் வீதம் எப்போது வரும், எப்போது வரும் என்று கேட்டால் நீ வேலையைப் பார்ப்பாயா, பதில் எழுதுவாயா? கம்பெனி என்றால் கேட்க ஒரு ஆள். ஆனால் இரண்டு விஷயம் கவனி. போட்ட பணத்தை அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட பிறகுதான் உனக்குப் பங்கு என்றால், எதையெல்லாம் செலவு என்று எழுதுவார்கள் என்பதைக் காகிதத்தில் வாங்கு. அடுத்த விளையாட்டும் எங்களுக்குத்தான் என்று ஒரு வரி நடுவில் சொருகியிருப்பார்கள், அதை அடிக்கச் சொல். அப்புறம் அந்தக் கூச்சலை இங்கிலீஷில் மாற்றலாமா என்று கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடு, வேண்டுமானால் கீழே எழுத்துப் போட்டுக்கொள்ளட்டும். அஞ்சலை என்னைக் கொன்றுவிடுவாள்.

உனக்கு இப்போது ஆச்சரியமாக இருக்கும். வாட்சப்பில் குட் மார்னிங் படம் அனுப்பவே உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய். “உன்ன மாதிரிப் பொண்ணப் பெத்தா தெரியாதா” என்று சொல்லிப் பெருமையாகத் தப்பித்திருக்கிறேன். அது பொய். நான் செய்த ஒரு தப்பு எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் முதன்முதலில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். கிராபிக்ஸ் கார்டு என்றால் என்ன, அது ஏன் சூடாகிறது, அதில் ஈயம் எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அந்த உலகமே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் ஆரம்பம் குற்ற உணர்ச்சிதான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் உன் கம்ப்யூட்டர் திரையில் பச்சைப் பச்சையாகக் கோடு விழ ஆரம்பித்தது, நினைவிருக்கிறதா? திரைக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டு கோளாறு என்றாய். சென்னைக் கடைக்காரர் மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டார், ஆனால் மூன்று வாரம் ஆகும். நீ எழுதிப் போட்டிருந்த போட்டிக்கோ பத்து நாள்தான் பாக்கி. அந்தப் போட்டியில் ஜெயித்தால் ஒரு வருஷம் வேலைக்குப் போகாமல் விளையாட்டு செய்யப் பணம் தருவார்கள். நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திட்டக்குடி சித்தி மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே கிளம்பினாய். “எதையும் தொடாதம்மா, திங்கக்கிழமை கல்யாணம் முடிஞ்சு வந்து நானே கழட்டி பார்சல் போடறேன்” என்றாய். நான் தலையாட்டினேன். நீ பஸ் ஏறியவுடன் சுலைமான் பாயிடம் போனேன். அவர் ஒளிக்காமல்தான் சொன்னார். “சில பேரு விசிறியக் கழட்டிட்டு, கார்டு மட்டும் ஓவன்ல வச்சு கொஞ்ச நேரம் சூடு காட்டுவாங்கக்கா. ஈயம் லேசா எளகி ஒட்டிக்கும். சிலதுக்கு உசுரு வரும், பலது போயிடும். நான் செய்ய மாட்டேன், நீங்களும் செய்யாதீங்க.” எனக்கு உயிர் வரும் என்பது வரைக்கும்தான் காதில் விழுந்தது. ஓவன் நம் வீட்டில் இல்லை. ஆனால் கம்பெனியில் பீங்கானைப் பளபளப்பாக்கும் கிளேஸ் கலவையைச் சின்னச் சின்னத் துண்டில் பூசிச் சுட்டுப் பார்க்கிற டெஸ்ட் சூளை இருக்கிறது, அதன் சாவி என்னிடம்தான் இருக்கிறது. இருபது வருஷம் நெருப்போடு பழகியவள், இது ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்டை ஒரு டவலில் சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டு போனேன். மீட்டரில் இருநூறு டிகிரி வைத்தேன். ஈரப் பீங்கானுக்கு முதலில் சூடேற்றும்போது, ஈரம் வெளியேறுவதற்காகச் சூளைக் கதவை ஒரு ஓட்டுச் சில் வைத்து விரலளவு திறந்து வைப்போம், இல்லாவிட்டால் உள்ளே வெடித்துவிடும். அந்தப் பழக்கத்தில் அன்றைக்கும் கை தானாகப் போய்ச் சில்லை வைத்துவிட்டது. கார்டில் ஏது ஈரம்? சூட்டைச் சொல்கிற கம்பி அந்தச் சூளையில் கதவோரமாக இருக்கிறது. இடைவெளி வழியாகக் காற்று வந்து அதன் மேல் பட்டுக்கொண்டே இருந்ததால், மீட்டர் நூற்றைம்பதைத் தாண்டவே இல்லை. மீட்டர் தாண்டாததால் சூளை நிற்காமல் சூடேற்றிக்கொண்டே இருந்தது. நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நீ வந்து சுவிட்சைப் போட்டதும் படம் பளிச்சென்று வரும், நீ என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வாய் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். வாடை வந்த பிறகுதான் கதவைத் திறந்தேன். பலகை பழுப்பேறிப் போயிருந்தது. கடுகு போன்ற நாலைந்து துணுக்குகள் இடம் மாறி நகர்ந்திருந்தன. ஆறவிட்டு, விசிறியை மறுபடி மாட்டி, ஒன்றும் நடக்காத மாதிரி கம்ப்யூட்டருக்குள் வைத்து மூடினேன், அவசரத்தில் பிளக்கையும் சொருகிவிட்டேன்.

நீ வந்தாய். சுவிட்சைப் போட்டாய். கருகல் வாடை வந்தது, திரை வரவில்லை. கழற்றிப் பார்த்து, நிறம் மாறியிருந்ததைக் கண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். அப்புறம் கேட்டாய்: “பிளக்கு சொருகினபடியே இருந்துச்சே, ரெண்டு நாளா ஓடிக்கிட்டே இருந்திருக்குமோ? நான் ஆஃப் பண்ணாமப் போயிட்டனாம்மா?” அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. நீ பார்த்த பார்வைக்குப் பயந்துபோய், “ஆமா, ஓடிட்டுத்தான் இருந்துச்சு” என்றேன். கடைக்காரரும் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது, மாற்றித் தர முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். போட்டி போனது. அடுத்த மாதமே சென்னையில் அந்த ஆபீஸ் வேலைக்குப் போனாய், மூன்று வருஷம் நாள் பூராவும் முன்பின் தெரியாதவர்களின் புகாருக்குப் போனில் பதில் சொன்னாய்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். நீ வேலைக்குப் போனதில் எனக்கு நிம்மதியாக இருந்தது. விளையாட்டு செய்து எவள் பிழைத்தாள் என்று உள்ளுக்குள் எனக்கும் பயம் இருந்தது. மாசம் பிறந்தால் சம்பளம் வந்ததும், சரி, நடந்தது நல்லதுக்குத்தான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்த நிம்மதியில்தான் வாய் நீண்டது. கம்பெனியில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் எங்கே போனாலும் அதை ஒரு தமாஷ் கதையாகச் சொன்னேன். “எம்பொண்ணு கம்ப்யூட்டர ஆஃப் பண்ணாம கல்யாணத்துக்குப் போயி கார்ட எரிச்சுட்டா. அவ கையில மெஷினு தங்காது.” எல்லாரும் சிரிப்பார்கள். நீயும் சிரித்தாய். நாலைந்து தடவைக்குப் பிறகு நான் கதையை ஆரம்பித்ததும் அந்தக் கடைசி வரியை நீயே எடுத்துச் சொல்ல ஆரம்பித்தாய். புது போன் வாங்கினால் அப்பாவிடம் கொடுத்துத்தான் முதலில் திறக்கச் சொன்னாய். அறையில் கூட இருந்த பெண்ணின் மிக்ஸியைக்கூட நீ தொடுவதில்லை என்று ஒரு நாள் சொன்னாய். அப்போதும் நான் சிரித்தேன். நேற்று, உன் வாழ்க்கையில் வந்திருக்கிற பெரிய வாய்ப்பில் பாதியை அதே வரியைச் சொல்லி நீ வேண்டாம் என்றபோதுதான், நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

இந்தக் குரூப்பில் இருக்கிற எல்லாரும் அந்தக் கதையை என் வாயால் கேட்டுச் சிரித்தவர்கள்தான். அதனால்தான் உண்மையையும் அவர்கள் முன்னாலேயே சொல்கிறேன். இனி யாராவது அதைச் சொன்னால் உன் சித்திதான் நிறுத்த வேண்டும். பாய், நீங்கள் செய்யாதே என்றுதான் சொன்னீர்கள், நான்தான் கேட்கவில்லை. உன் அப்பாவுக்கும் இதெல்லாம் இப்போதுதான் தெரியப்போகிறது. பக்கத்து அறையில் உட்கார்ந்து மூன்றாவது கம்பத்தில் விழுந்துகொண்டிருக்கிறார், படித்துவிட்டு என்ன செய்வார் என்று தெரியவில்லை. நீ என்னிடம் எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, அது நான் பட வேண்டியது. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இதை மட்டும் தெரிந்துகொள்.

நீ திட்டக்குடிக்குப் போனதும் உன் அறைக்குள் முதலில் நுழைந்தவள் நான். கம்ப்யூட்டர் ஓடவில்லை. சுவர் சுவிட்ச் ஆஃப் ஆகியிருந்தது. அது போதாது என்று பிளக்கையும் பிடுங்கி, வயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தாய். இடி இடித்தால் அது வழியாக வந்துவிடும் என்று நெட் வயரையும் கழற்றித் தனியாக வைத்திருந்தாய். தூசி விழாமல் பெட்டி மேல் உன் மஞ்சள் துப்பட்டாவை நாலாக மடித்துப் போர்த்தியிருந்தாய். எறும்பு ஏறாமல் இருக்க மேசையின் நான்கு காலைச் சுற்றியும் எறும்புச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறாய். கெட்டுப்போன மெஷினுக்குப் போய் அப்படி ஒரு பாதுகாப்பு. அந்த வட்டத்தை மிதித்துக்கொண்டு உள்ளே போனது நான்தான். இருபது வருஷமாக இத்தனை பேர் மெஷினோடு வேலை செய்வதைப் பார்த்துவிட்டேன், உன் கையைப் போல ஒரு கையை நான் பார்த்ததில்லை. அந்தப் பெட்டியை அனுப்பச் சொல்.

உன் கைமேல் பழியைப் போட்ட
உன் அம்மா